அனனியாவின் எதிரே நின்ற ஆசாரியர்கள்

இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றத்தின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

தம்மைத் தீர்க்கதரிசி என்று அழைத்துக்கொள்ளும் ஜெரோம் பெர்னாண்டோவின் பிரசங்கமொன்று 2023 மே மாதத்தில் நாட்டைக் கலக்கியதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பிற மதங்களை இழிவுபடுத்தினார் என்று முறைப்பாடுகள் குவிந்தன. ஜனாதிபதி விசாரணைக்கு உத்தரவிட்டார். வெளிநாடு போயிருந்தவர் திரும்பி வந்து டிசம்பரில் கைதாகி, 2024 ஜனவரியில் பிணையில் வெளிவந்தார். கிறிஸ்தவத் தலைமைகளும் அந்தப் பேச்சிலிருந்து விலகி நின்றன. வழக்கைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. என் கேள்வி வேறு. பிற மதத்தவரைச் சீண்டாமல் பேசுகிற ஒரு தீர்க்கதரிசியை நம்மில் யார் விசாரிக்கிறோம்? புத்தரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், காணிக்கை போட்டால் கடன் தீரும் என்று மட்டும் போதிப்பவருக்கு எதிராக எந்தத் திருச்சபை அறிக்கை விட்டது? அயலவரின் மனம் புண்பட்டபோது விழித்துக்கொண்ட நாம், சொந்த விசுவாசிகள் ஏமாறும்போது தூங்குகிறோம் என்றே எனக்குப் படுகிறது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இந்தப் போதனைக்கு ஆள் சேர்வதில் வியப்பில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. சேமிப்பின் பெறுமதி கரைந்தது, மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது, கடவுச்சீட்டுக்கு வரிசை நீண்டது. அந்த நிலையில், ‘இந்த மாதம் உனக்கு விசா கிடைக்கும், பல மடங்காய்த் திரும்பும் விதைக் காணிக்கை போடு’ என்ற குரல் தேனாய் இனிக்கும். போதாததற்கு, மண்டபக் கூட்டத்துக்குப் போகாதவர்களையும் அந்தக் குரல் வட்ஸ்அப்பில் தேடி வருகிறது. ஆனால் வேதாகமம் தன் வாசகரைக் கையில் அளவுகோல் இல்லாமல் விட்டுவிடவில்லை. எரேமியா 28ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பாபிலோனின் நுகம் உடைந்தது, இரண்டு வருடத்துக்குள் எல்லாம் திரும்பி வரும் என்று அனனியா ஆலயத்தில் நின்று அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி முறித்தும் காட்டுகிறான். அவனும் கர்த்தருடைய நாமத்திலேதான் பேசுகிறான். எரேமியா உடனே சண்டைக்குப் போகவில்லை. அப்படியே ஆகட்டும் என்றுதான் முதலில் சொல்கிறார். பிறகு, சமாதானம் வரும் என்று சொல்பவனுடைய வார்த்தை நிறைவேறும்போதுதான் அவனைக் கர்த்தர் அனுப்பினார் என்பது விளங்கும் என்கிறார். இரண்டு வருடக் கெடு வைத்த அனனியா அந்த வருடமே இறந்துபோனான். இந்த வாக்குவாதம் ஆசாரியர்களுக்கு முன்பாக நடந்ததாக அதே அதிகாரம் சொல்கிறது. அவர்கள் வாய் திறந்ததாக ஒரு வசனமும் இல்லை.

சொன்னது நடந்தே விட்டால் என்ன செய்வது, சுகம் கிடைத்ததாகச் சாட்சி சொல்கிறார்களே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அத்தனை சாட்சிகளும் பொய் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, தேவையும் இல்லை. ஏனென்றால் உபாகமம் 13 இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்கிறது: அடையாளம் பலித்தாலும், போதனை வேறு தெய்வத்திடம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது. அற்புதம் போதனைக்கு அத்தாட்சி ஆகாது. போதனையைத்தான் அற்புதத்துக்கு முன்னே சோதிக்க வேண்டும். காசைத் தேவனுடைய இடத்தில் வைக்கும் போதனை எந்தத் தெய்வத்திடம் இழுக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. அபிஷேகம் பெற்றவர்களைத் தொடாதே என்ற 105ஆம் சங்கீதத்தைக் கேடயமாக நீட்டுகிறார்கள். அந்த வசனம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோருக்குத் தீங்கு செய்யாதபடி அரசர்களைக் கடிந்துகொண்டது. பிரசங்கியிடம் கணக்குக் கேட்கும் விசுவாசியைப் பற்றியது அல்ல. பவுல் பேதுருவை முகமுகமாக எதிர்த்தார் என்று கலாத்தியர் நிருபம் சொல்கிறது. பேதுருவைவிட அபிஷேகம் பெற்றவர் கொழும்பில் யார்? குற்றவாளி என்று தீர்க்காதே என்ற மத்தேயு 7ஆம் அதிகாரமே, சில வசனங்கள் தள்ளி, ஆட்டுத்தோல் போர்த்து வரும் கள்ளத் தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறது. பெரோயாவின் மக்கள் பவுல் சொன்னதையே தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அதற்காக அவர்களைப் புகழ்கிறது.

அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்து இவர்களை அடக்கட்டுமே என்பவர்கள் நம் சபைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். கென்யாவின் ஷகஹோலாவில் பட்டினி கிடந்து இயேசுவைச் சந்திக்கலாம் என்ற போதனையால் 400க்கும் மேற்பட்டோர் மாண்டதைக் காட்டுவார்கள். கொலைக்கும் மோசடிக்கும் சட்டம் இருக்கிறது, அது பாயட்டும். உபதேசம் சரியா பிழையா என்று தீர்க்கும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்தால் அது யார்மேல் பாயும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தது. வழிபாட்டுத் தலங்கள் கட்ட அனுமதி வேண்டும் என்ற 2008ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தைக் காட்டிச் சிறிய ஜெபவீடுகளை மூடச் சொன்னார்கள். இன்னும் பின்னே போக வேண்டுமென்றால் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில், 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்க்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் அரச உத்தியோகம் வேண்டுமென்றால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் வேண்டும். பதிவேடுகளில் கிறிஸ்தவர்கள் இலட்சக்கணக்கில் பெருகினார்கள். ஒல்லாந்தர் 1796இல் போனார்கள், பின்னாலேயே அந்தக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோரும் காணாமற் போனார்கள். அரசு காவல் காத்த உபதேசம் அவ்வளவுதான் நின்றது.

ஆகவே கேள்வி திரும்பவும் தங்களிடமே வருகிறது. தங்கள் அங்கத்துவ சபைகள் இந்தப் போதகர்களின் சுயாதீன சபைகள்மேல் கொண்ட பொறாமையில் பேசுகின்றன என்ற குற்றச்சாட்டும் காத்திருக்கிறது. அதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்வதே நல்லது. நோயாளி கிடக்கும் மாடி வீட்டுக்கு ஏறிப்போய்க் கைவைத்து ஜெபிப்பவர் பெரும்பாலும் அந்தச் சுயாதீன சபையின் பாஸ்டர்தான். நமது குருவானவர் இடமாற்றத்துக்குக் காத்திருப்பார், அல்லது கூட்டத்தில் இருப்பார். விதைக் காணிக்கையைக் கேட்பவரிடம் கணக்கு எங்கே என்று கேட்க, முதலில் நமது கணக்கு ஆலய வாசலில் தொங்க வேண்டும். சைவரான ஆறுமுக நாவலரே பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து தமிழாக்கத்துக்கு உழைத்த நூல் இந்த வேதாகமம். அதை முழு அதிகாரமாக, முன்பின் பார்த்து வாசிக்கும் பழக்கம் நம் ஆலயங்களிலேயே அருகிவிட்டது. தனி வசனத்தைப் பிய்த்தெடுத்து விற்பவனுக்கு அதைவிட வசதியான சந்தை வேறு எங்கே கிடைக்கும்?

எனவே வேண்டுகிறேன்: அடுத்த சர்ச்சை வரும்வரை காத்திருக்காமல், செழிப்பு உபதேசத்தையும் காசுக்குச் சொல்லும் தீர்க்கதரிசனத்தையும் வேத ஆதாரத்துடன் மறுக்கும் அறிக்கையொன்றை மன்றம் தமிழிலேயே எழுதி, ஒரு ஞாயிறு எல்லாப் பிரசங்க பீடங்களிலிருந்தும் வாசிக்கச் செய்யுங்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எல்லாச் சபையாருக்கும் பொதுவான வேத வாசிப்பு வகுப்பை, வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாலை நேரத்தில், தொடங்குங்கள். காசு இழந்தவர்கள் வெட்கப்படாமல் வந்து சொல்ல ஒரு ஆளை நியமியுங்கள். சுயாதீன சபைகளின் போதகர்களையும் அந்த வகுப்புக்கு அழையுங்கள். வேதத்துக்கு அஞ்சாதவர்கள் வருவார்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனைத் திருச்சபை உறுப்பினன் ஒருவன்