வாசலுக்கு வரும் வேட்பாளர்

தேர்தல் வந்துவிட்டால் தோட்டத்து லயத்திற்கும் பட்டணத்து அடுக்குமாடிக்கும் புது விருந்தாளிகள் வருவார்கள். "சாக்கடையைச் சீர்செய்வேன், தெருவிளக்குப் போடுவேன், குப்பையை அள்ள வைப்பேன்" என்பார்கள். நல்லதுதான். ஆனால், தாய்மார்களே, அது யாருடைய வேலை என்று தெரிந்துகொண்டு கேட்க வேண்டாமா?

இவையெல்லாம் நகராண்மைக் கழகத்தின் வேலைகள். ஒரு காலத்தில் அதன் உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஜார்ஜ்டவுனில் 1951இல் நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957இல் அது மாநகரானபோது முதல் மேயராக அமர்ந்தவர் தொழிலாளர் கட்சியின் டி.எஸ். இராமநாதன். 1965இல் அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் அவற்றை அடியோடு முடித்து வைத்தது. இன்று உறுப்பினர்களை நியமிப்பது மாநில அரசு.

ஆகவே, சட்டமன்ற வேட்பாளரிடம் கேளுங்கள்: "எங்கள் வட்டாரத்திற்கு யாரை நியமிக்கச் சொல்வீர்கள்? அவர் இந்தப் பக்கம் வருவாரா?" நிலமும் மாநிலத்தின் கையில்தான், வீட்டுமனை பற்றியும் அவரிடமே கேட்கலாம். பள்ளிக்கூடம், மருத்துவமனை என்றால் நாடாளுமன்ற வேட்பாளரிடம் கேளுங்கள். தோட்டத்திற்குள் வீடும் குடிநீரும் சரியில்லை என்றால், 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் பதில் சொல்ல வேண்டியது தோட்ட நிர்வாகம்.

2021 டிசம்பர் முதல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் தாமாகவே வாக்காளர் ஆகிவிடுகிறார்கள். வீட்டில் அப்படியொரு பிள்ளை இருந்தால், வேட்பாளர் சொல்வதைத் தேதியோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் வரும்போது படித்துக் காட்டலாம் அல்லவா?