பணியை ஒப்படைக்கலாம், பொறுப்பை?

மருத்துவமனையில் தவறு நிகழ்ந்தால் முதலில் வேலையிழப்பவர் யார்? ஊசி போட்ட பெண். கொங்கு நாட்டுச் சிற்றூரிலிருந்து சில மாதப் பயிற்சிச் சான்றிதழோடு வந்து, குறைந்த ஊதியத்திற்கு இரவெல்லாம் கண்விழிக்கும் அப்பெண்ணை வெளியேற்றிவிட்டால் நீதி நிறைவேறியதென நிர்வாகம் எண்ணுகிறது, நாமும் எண்ணுகிறோம். இதை நான் ஏற்க மறுக்கிறேன்.

1993 டிசம்பரில் டெல்லியின் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனையில் நடந்தது என்ன? குழந்தைக்கான ஊசியை மருத்துவரே போட வேண்டும் என்பது மூத்த மருத்துவரின் அறிவுரை. பணியிலிருந்தவரோ அதைச் செவிலியரிடம் விட்டுவிட்டார். அச்செவிலியரும் உரிய தகுதி பெற்றவர் அல்லர். ‘லாரியாகோ’ மருந்து நரம்பூசியாக ஏறியது. தாயின் மடியிலேயே குழந்தை துவண்டது. மூளை மீளவே இல்லை. 1998 மார்ச்சில் உச்சநீதிமன்றம், குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் இழப்பீடு என்ற தீர்ப்பை உறுதி செய்தது. ஊசி போட்ட கையோடு வழக்கு முடியவில்லை. போடவிட்ட மருத்துவரும், தகுதியற்றவரை அமர்த்திய மருத்துவமனையும் பொறுப்பேற்க நேர்ந்தது.

பிறர் பாவத்தில் பங்குபெறும் ஒன்பது வழிகளை நம் முன்னோர் மறைக்கல்வியில் மனப்பாடம் செய்தனர். கட்டளையிடுவது அவற்றுள் ஒன்று. கண்டும் வாளாவிருப்பது மற்றொன்று.

“எல்லாவற்றையும் மருத்துவரே செய்ய இயலுமா?” என்பர். இயலாதுதான். உடல் துடைப்பதையும் படுக்கை மாற்றுவதையும் உதவியாளரிடம் விடலாம். மருந்தின் அளவைக் கணிப்பதை விடலாமா? பெறுபவருக்கு அது தெரியுமா, அருகிருந்து பார்ப்பவர் எவர் என்று கேளாமல் ஒப்படைப்பதற்குப் பெயர் கைகழுவுதல். போதாக்குறைக்கு, “பாட்டில் தீர்ந்தால் வந்து சொல்லுங்கள்” என்று நோயாளியின் அம்மாயியிடமே கண்காணிப்பை விட்டுச் செல்வதும் உண்டு!

பதிவுபெற்ற செவிலியரும் “டாக்டர் சொன்னார், செய்தேன்” என்று தப்ப இயலாது. அறியாததை மறுப்பது கீழ்ப்படியாமை அன்று. ஆனால் மறுத்தால் மறுநாள் வேலை இருக்குமா என்னும் அச்சத்தை உருவாக்கியவர் யார்?

சென்னை மாகாணத்தில் செவிலியர் பதிவுக்கான சட்டம் 1926-இலேயே வந்துவிட்டது. நாமோ வெள்ளுடை அணிந்த அனைவரையும் ‘சிஸ்டர்’ என்கிறோம். நம் துறவற மரபின் மணம் வீசும் இனிய சொல்தான். பட்டயம் பெற்றவரையும் பெறாதவரையும் அது ஒன்றாக்கிவிடுகிறது.

திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளே முதலில் தொடங்கட்டும். செவிலியரின் பெயர் அட்டையில் பதிவெண் இருக்கட்டும். ஊசி போட்டவரின் பெயருக்குப் பக்கத்தில், போடச் சொன்னவரின் பெயரும் அதே ஏட்டில் ஏறட்டும்.