காற்று எவருக்கு, காணி எவருக்கு?

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 பாதையில் உள்ளது வெள்ளாங்குளம். 2008 ஓகஸ்டில் அதை இராணுவம் கைப்பற்றியது. போர் வடக்கே நகர்ந்தது. மக்களும் முள்ளிவாய்க்கால் வரை நகர்த்தப்பட்டனர். நகராமல் நின்றவை மண்ணுக்குள் இருந்த கண்ணிவெடிகளே. இரு தரப்பும் புதைத்தவை அவை. போர் முடிந்தபோது வடக்கு, கிழக்கில் ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீற்றர் நிலம் வெடியபாயம் உள்ளதாக ஐயுறப்பட்டது.

இன்று இதே மாவட்டத்தில் அரசாங்கம் 'பசுமைச் சக்தி' என்ற மந்திரத்தை ஓதுகிறது. 2030 இல் மின்சாரத்தின் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரவேண்டுமாம். குறிக்கோளை நாம் குறை கூறவில்லை. நுரைச்சோலையின் நிலக்கரிப் புகையை விரும்புவோர் எவர்? ஆயினும் காற்றாலை எந்த மண்ணில், எவருடைய ஒப்புதலுடன் நாட்டப்படுகிறது என்று கேட்பதை வளர்ச்சிக்கு எதிரான கூச்சல் எனத் தள்ளுவதை நாம் ஏற்கமாட்டோம்.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு மின்சார சபை மன்னார்த் தீவின் தென்கரையில் அமைத்த 'தம்பபவனி' 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற். அதன் பின் மழைநீர் வடிய வழியின்றித் தேங்குகிறது, கரையோரத்தில் மீன் குறைந்தது என்று தீவு மக்கள் சொல்லி வருகின்றனர். அதை எவர் செவிமடுத்தார்? அடுத்து அதானி வந்தார். மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற், அலகொன்றுக்கு 8.26 அமெரிக்க சதம். வழக்குகள் எழுந்தன, 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. அதே மன்னார்க் காற்றுக்கு உள்நாட்டு நிறுவனம் ஒன்று கேட்ட விலை 4.65 சதமே! விலை வேறுபாட்டைப் பேசிய கொழும்பு, தீவின் குடியிருப்புகளையும் வலசைப் பறவைகளின் வழியையும் அத்துணை ஊக்கத்துடன் பேசவில்லை. 2025 ஓகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிய வாகனங்களை மக்கள் மறித்தனர். ஜனாதிபதி ஒரு மாதம் பணியை நிறுத்தினார். தவணை முடிந்ததும் செப்டம்பரில் வாகனங்கள் பொலிஸ் காவலுடன் வந்தன. மறித்தோர்மீது தடியும் வந்தது. இடதுசாரிப் பெயர் சூடிய ஆட்சியில் இது நடந்தது என்பதை நம் தோழர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

சிலர் ஒரு சமாதானம் சொல்கின்றனர்: "தீவை விடுங்கள், வெடி அகற்றிய பெருநிலத்தில் சூரியத் தகடுகளை விரிக்கலாமே. பிற நாடுகள் செய்யவில்லையா?" செய்தன. செர்னோபில் அணுவுலை அருகே 2018 இல் ஒரு மெகாவாற் சூரிய நிலையம் திறக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவும் நச்சுக் கழிவு படிந்த நிலங்களை இவ்வாறு பயன்படுத்தத் தனித் திட்டமே வகுத்தது. அங்கே அது நியாயம். ஏனெனில் கதிர்வீச்சு படிந்த மண்ணில் தலைமுறைகளுக்கு நெல் விளையாது. கண்ணிவெடியோ அத்தகைய நஞ்சன்று. எடுத்துவிட்டால் நிலம் முழுமையாகக் குணமடையும். அடுத்த மாரியிலேயே உழலாம். முழந்தாளிட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி அதை எடுப்போரில் பலர் நம் பெண்கள்; போரில் கணவனை இழந்தோரும் அவர்களுள் உளர். அந்த வேலைக்கான பணத்திலும் பெரும்பகுதி வெளிநாட்டு நன்கொடையே.

அவர்கள் உயிரைப் பணயம் வைத்து மீட்ட மண்ணைப் 'பாழ்நிலம்' என்று பெயரிட்டுக் கம்பனிக்குக் குத்தகைக்கு விடுவது எந்த நியாயத்தில் சேர்ந்தது? போருக்குப் பின் இராணுவம் நடத்திய பண்ணைகளின் வரிசையில் வெள்ளாங்குளமும் இருந்தது. முள்ளிக்குளத்து மக்களோ 2007 இல் வெளியேற்றப்பட்டுக் கடற்படை முகாமுக்கு வெளியே பத்தாண்டுகள் காத்திருந்தனர். பயிரிடவும் குடியிருக்கவும் தகுதியான நிலம் எனச் சீருடைக்குத் தெரிந்தது. உழவனுக்கு மட்டும் அது பாழா?

பகுதியளவு எதிர்ப்பு நமக்குப் போதாது. உழவரும் மீனவரும் பங்காளராகும் கூட்டுறவு மின்னிலையம் வரட்டும். கூரைதோறும் தகடு ஏறட்டும். முகாம்கள் விட்டுச் செல்லும், பயிருக்குதவாத தரைகளையும் ஆராயலாம். முதலில் காணி. ஒட்டாவா உடன்படிக்கையின்படி இலங்கை கண்ணிவெடிகளை முற்றாக அகற்ற வேண்டிய தவணை 2028 யூன் 1. அந்நாளுக்கு முன்னரே, மீட்கப்படும் ஒவ்வொரு துண்டும் எக்குடும்பத்துக்கு உரியது என்ற பட்டியல் மாந்தை மேற்குப் பிரதேச செயலகத்தின் சுவரில், தமிழில், ஒட்டப்பட வேண்டும்.