வாத்தியாருக்கு வாய்ப்பூட்டா?

சங்கத்தில் சேர்ந்தவன் பெயரைக் குறித்துவைத்து, மில் வாசலிலேயே விரட்டும் வித்தை நமக்குப் புதிதல்ல. மேற்கு ஜெர்மனி சர்க்கார் அதைப் பள்ளிக்கூட வாசலில் செய்தது.

1972 ஜனவரி 28-ல் சான்சலர் வில்லி பிராண்டும் மாநில முதல்வர்களும் கூடி முடிவெடுத்தார்கள். வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டால், பெயர் உளவு இலாகாவுக்குப் போகும். எந்தக் கட்சி, எந்தக் கூட்டம் என்று துருவுவார்கள். தபால்காரரையும் விடவில்லை. சுமார் 35 லட்சம் பேரைச் சோதித்தார்கள்!

வேலையில் இருந்தவர்களும் தப்பவில்லை. யேவர் நகரில் பிரெஞ்சும் ஜெர்மனும் கற்பித்தவர் தொரோத்தேயா ஃபோக்ட். பாடம் நடத்தியதில் குறை உண்டா? இல்லை. சட்டப்படி இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார், அதுதான் குற்றம்! 1987-ல் வேலையைப் பறித்தார்கள். 1991-ல் திரும்பக் கிடைத்தது. 1995-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அது உரிமைப் பறிப்பே என்று 10-க்கு 9 வாக்கில் தீர்ப்பளித்தது.

பிள்ளைகளைக் கெடுப்பவன் வாத்தியாராகக் கூடாது. நாமும் அதைத்தான் சொல்கிறோம். செய்கையை விசாரி, சாட்சியம் காட்டு, பதில் சொல்ல இடம் கொடு! கொள்கையை விசாரிப்பதற்கு ‘நன்னடத்தை’ என்று பெயர் சூட்டாதே! வாத்தியார் வாயைப் பூட்டினால், நம் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கற்பது யாரிடம்?