உள்ளே போனவர் எங்கே என்று கேட்பது யார்?

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இருந்த ஓர் ஆசிரமத்தில் முதியவர் ஒருவர் சேர்க்கப்பட்டிருந்தார். சில மாதங்கள் கழித்து அவரைப் பார்க்க ஆள் போனபோது அவர் அங்கே இல்லை. பெங்களூரில் வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கே போய் விசாரித்தால் அங்கேயும் இல்லை. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வேண்டியதாயிற்று. அதன் பிறகுதான் 2023 பிப்ரவரியில் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் நுழைந்தன. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். மனநலம் பாதிக்கப்பட்டோரும், ஆதரவற்று வீதியில் கிடந்தோரும், முதியவர்களும் அங்கே ஒன்றாக அடைக்கப்பட்டிருந்தார்கள். அடி, உதை, பாலியல் வன்கொடுமை என்று புகார்கள் வரிசையாக வந்தன. வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது. உரிய அனுமதி இல்லாமலேயே அந்த இல்லம் பல ஆண்டுகள் நடந்துவந்திருந்தது.

ஒரே ஒருவரைத் தேடி, ஒரே ஒரு குடும்பம் விடாமல் கேட்டதால் வெளியே வந்த விஷயம் இது. தேடி வர ஆள் இல்லாத மற்றவர்கள் அதே கட்டடத்துக்குள்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றி யாரும் மனுப் போடவில்லை.

இதற்கு ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு முன்னால் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடிவதற்கு முன்பு. ராமநாதபுரம் மாவட்டத்தின் அந்தக் கடலோர ஊரில், மனநோய் குணமாகும் என்று அங்குள்ள தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைக்கப் பல தனியார் இல்லங்கள் முளைத்திருந்தன. அவற்றில் ஒன்றான மொய்தீன் பாதுஷா மனநல இல்லத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டோர். இரவில் யாரும் எழுந்து ஓடிவிடக் கூடாது என்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். சங்கிலி தளர்வாக இருந்த சிலர் தப்பினார்கள். 28 பேர் செத்துப்போனார்கள். ஒரே வாரத்தில் அவ்வகை இல்லங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. மனநல சிகிச்சை தருவதாகச் சொல்லிக்கொள்ளும் எல்லா அமைப்புகளையும், பதிவு பெற்றவையோ பெறாதவையோ, எந்தப் பெயரில் நடந்தாலும், மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று 2002இல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தகுதி இருந்தால் உரிமம் கொடு, இல்லையென்றால் மறு என்பது அதன் சாரம். அந்த உத்தரவு உள்ளபடியே நடந்திருந்தால் குண்டலப்புலியூர் நடந்திருக்காது. எந்த மாவட்ட நிர்வாகமும் இந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விட முடியாது.

சட்டத்தில் குறை இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இந்தியாவில் எழுதப்பட்ட மனிதாபிமானமான சட்டங்களில் ஒன்று. எந்த வகையிலும், எந்த முறையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று அது தடுக்கிறது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. தன் சொந்த உடையை உடுத்திக்கொள்ள உரிமை உண்டு. வேலை வாங்கினால் கூலி தர வேண்டும். மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையானவை பெண்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதைக்கூட அது மறக்கவில்லை. ஒருவர் தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து விளைவிக்கும் நிலையில், வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம். அதையும் எழுதிவைக்க வேண்டும், மாதாமாதம் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டி யாரையும் கட்டிப்போடக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. இந்த வரியை எழுதியவர்களுக்கு இல்லங்களின் இரவு நேரம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

ஆனால் பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் என்ன தண்டனை? முதல் முறை 5,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய்வரை அபராதம். ஐம்பது பேரை அடைத்துவைத்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் மாதக் கட்டணமும், வெளியே நன்கொடையும் வாங்குகிறவருக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை. இது திருத்தப்பட வேண்டும்.

உரிமம் மட்டும் போதுமா என்பது அடுத்த கேள்வி. சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ் ஒரு நாளின் நிலையைச் சொல்லும், அவ்வளவுதான். அதிகாரிகள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் படுக்கை விரிப்பு மாறும், குளியலறை கழுவப்படும், சாம்பாரில் காய் கூடும். இல்லம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள மாலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பகல் நேரப் பணியாளர்கள் கிளம்புவதற்காக அந்த நேரத்திலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடும் இடங்கள் உண்டு. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். என்ன மாத்திரை, எதற்கு என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது, கொடுக்கிறவருக்கும் தெரிந்திருக்காது. ஏழு மணிக்குக் கதவு பூட்டப்படும். மறுநாள் காலைவரை பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரே ஒரு காவலாளி. தீப்பிடித்தால் சாவி யாரிடம்?

பாதுகாப்பு என்றவுடன் உயரமான மதிலும் சிசிடிவி கேமராவும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இல்லங்களில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் சத்தமில்லாதவை. மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள் விழுங்கும் திறனை மந்தமாக்கும். அவசர அவசரமாகச் சாப்பிடும்போது உணவு தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று சமையல்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் சில மருந்துகள் உடல் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். ஆண்டுக்கு ஒருமுறைகூட ரத்தப் பரிசோதனை செய்யாத இல்லத்தில் நீரிழிவு முற்றிய பிறகுதான் தெரியவரும். இருதுருவ மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் கத்திரி வெயிலில் தனிக் கவனம் கேட்கும் மருந்து. வியர்த்து, தண்ணீர் போதாமல் போனால், வழக்கமாகக் கொடுக்கும் அளவே உடம்பில் நஞ்சாக மாறக்கூடும். கை நடுக்கமும், தள்ளாட்டமும், குழறலும் வந்தால் அது நோயின் குணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்தில், குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட வேண்டிய நிலை இருக்கும் ஓர் இல்லத்துக்குள் இதைப் பொருத்திப் பார்த்தால் ஆபத்தின் அளவு புரியும்.

இப்படிப்பட்ட இடத்தில் கொண்டுபோய் விட்டார்களே என்று குடும்பங்களைத் திட்டுவது சுலபம். அது நியாயமில்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. நோய் முற்றி, தூக்கம் போய், பக்கத்து வீட்டாரோடு சண்டை வந்து, மருந்துக்காக நூறு கிலோமீட்டர் பேருந்தில் அலைந்து, வேலையும் போன பிறகுதான் ஒரு குடும்பம் இல்லத்தின் வாசலுக்கு வருகிறது. வயதான அம்மா ஒருத்தி, தன் காலத்துக்குப் பிறகு மகனை யார் பார்ப்பார்கள் என்ற பயத்தில் கையெழுத்துப் போடுகிறாள். அவளுக்கு வீட்டருகே மருந்தும், மாதம் ஒருமுறை வந்து பார்க்கும் சமூகப் பணியாளரும், சில நாள் ஓய்வு கொடுக்கும் ஓர் இடமும் கிடைத்திருந்தால் அந்தக் கையெழுத்தே தேவைப்பட்டிருக்காது.

அரசு மருத்துவமனைகளும் இதில் தப்பவில்லை. நாட்டில் உள்ள 46 அரசு மனநல நிறுவனங்களின் நிலையும் மனிதாபிமானமற்றதாக இருக்கிறது என்று தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2023 ஜனவரியில் நோட்டீஸ் அனுப்பியது. குணமானவர்களும் வீடு திரும்ப வழியின்றி ஆண்டுக்கணக்கில் வார்டுகளிலேயே தங்கிவிடுவது அது கண்ட குறைகளில் ஒன்று. தமிழ்நாட்டுக்கும் இது தெரியாத கதை இல்லை. 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குள் போய் ஆயுள் முழுவதும் வெளியே வராதவர்கள் எத்தனையோ தலைமுறைகளில் இருந்திருக்கிறார்கள்.

மாற்று இல்லாமலும் இல்லை. அது சென்னையிலிருந்தே பிறந்தது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, 2015இல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. நீண்ட காலம் நிறுவனங்களில் கிடந்தவர்களில் நான்கைந்து பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்கு ஒரு பணியாளர். என்ன சமைப்பது, எப்போது தூங்குவது, யாரோடு அறையைப் பகிர்வது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். மருந்து வாங்கவும், கோயிலுக்கும், கடைக்கும் அவர்களே போய்வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல சேவை வழிகாட்டியில் உலகின் நல்ல முன்மாதிரிகளுள் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஏர்வாடியின் பெயரால் உலகத்துக்குத் தெரிந்த ஒரு மாநிலத்திலிருந்தே இதுவும் போயிருக்கிறது என்பதில் தமிழர்கள் பெருமைப்படலாம். இந்த முறையில் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவுக்கு அவர்களின் பெயர் தெரியும். இரண்டு நாள் ஆளைக் காணவில்லையென்றால் மளிகைக் கடைக்காரர் கேட்பார். எந்த மதிலும் இந்தக் காவலைத் தராது.

எல்லோரையும் நாளைக்கே வாடகை வீட்டுக்கு மாற்றிவிட முடியாது. பெரிய இல்லங்கள் இன்னும் பல காலம் இருக்கும். ஆகவே அந்தக் கேள்வியை, ‘உள்ளே போனவர் எங்கே’ என்பதை, தினமும் கேட்கும் ஏற்பாடு அவற்றுக்குள் வர வேண்டும். பதிவு பெற்ற இல்லங்களின் பட்டியல் மாவட்டவாரியாக, அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையோடு, எவரும் கைபேசியில் பார்க்கும்படி இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத இடத்துக்குக் காவல்துறையோ ஊராட்சியோ ஆதரவற்ற ஒருவரைக் கொண்டுபோய் விடவே கூடாது. நல்லெண்ணத்தில் செய்யும் இந்த வழக்கம்தான் பல போலி இல்லங்களை நிரப்புகிறது. ஓர் இல்லத்திலிருந்து இன்னோர் இல்லத்துக்கு ஒருவரை அனுப்பினால், அனுப்பியவரும் பெற்றுக்கொண்டவரும் அன்றைக்கே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இறப்பு நேர்ந்தால், உறவினர் இல்லாதவர் என்பதற்காகவே விசாரணை இன்னும் கவனமாக நடக்க வேண்டும்.

ஆய்வுக்குப் போகிறவர்கள் யார் என்பதும் முக்கியம். மறுஆய்வு வாரியத்தில் மனநோயை அனுபவித்தவர்களுக்கும் பராமரிப்போருக்கும் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அவர்களை ஆய்வுக் குழுவிலும் அழைத்துப் போக வேண்டும். முன்பு ஓர் இல்லத்தில் இருந்தவருக்கு எந்தக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தெரியும். உள்ளே இருப்பவர் அதிகாரியிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார், அதுவும் நிர்வாகி பக்கத்தில் நிற்காதபோது. வெளியுலகோடு தொடர்புகொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு தளத்திலும் ஒரு தொலைபேசியும், பக்கத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண்ணும் பெரிய எழுத்தில் தமிழில் இருந்தால் போதும். இதற்குப் புதுச் சட்டமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. இவற்றைச் செய்துவிட்டதாகக் காட்டும் இல்லங்களுக்கு மட்டுமே அரசு மானியமும் வரிவிலக்குள்ள நன்கொடையும் என்று இந்த நிதியாண்டிலேயே விதிக்கலாம்.