மணலில் புதையும் சக்கர நாற்காலிகள்

2022 ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர வேறு எவருக்கும் பெற்றோலோ டீசலோ வழங்கப்படாது என அரசாங்கம் அறிவித்தது. அந்த நாட்களில் கொழும்பில் துவிச்சக்கரவண்டிக்குத் திடீர் மதிப்பு வந்தது. கடைகளில் விலை ஏறியது. அலுவலகம் செல்வோர் சைக்கிள் மிதிக்கும் படங்களை ஊடகங்கள் வெளியிட்டன. தெற்குக்கு இது புதிய அனுபவமாக இருக்கலாம். ஆனால் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், எரிபொருளும் பற்றரியும் கிடைக்காத யாழ்ப்பாணம் வருடக்கணக்காகச் சைக்கிளில்தான் ஓடியது. நோயாளியை ஏற்றியதும் விறகு சுமந்ததும் சைக்கிள்தான். அதன் டைனமோவைச் சுழற்றித்தான் வானொலியில் செய்தி கேட்டார்கள்.

இரண்டு தடவையும் பெற்றோல் வந்ததும் சைக்கிளை மறந்துவிட்டோம். ஆனால் போக்குவரத்துத் தட்டுப்பாடு ஒருநாளும் தீராத ஒரு பகுதியினர் எம்மிடையே வாழ்கிறார்கள். ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால்களைப் பறிகொடுத்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தவர்கள் அவர்கள். ஒரு காலை இழந்தவர் செயற்கைக் காலுடன் சைக்கிள் ஓட்டிவிடலாம். இரு கால்களும் இயங்காதவருக்கு அந்த வழியும் இல்லை. தினமும் ஓட்டோவுக்குக் கொடுக்கப் பலரிடம் பணமும் இல்லை.

இவர்களுக்கு வழக்கமாக வழங்கப்படுவது வைத்தியசாலைகளில் காணும் சக்கர நாற்காலி. அது வழுவழுப்பான தரைக்காகச் செய்யப்பட்டது. அதன் முன்சக்கரங்கள் சிறியவை, ஒடுங்கியவை. பாரம் ஏறும்போது அவை மணலைக் கத்திபோல் வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். பின்னால் இருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் புதையும்.

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில் உள்ள கண்டக்குழியை எடுத்துக்கொள்வோம். டொல்பின் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த வெண்மணல் அழகு. மீன்பிடியை நம்பி வாழும் கிராமத்தவருக்கு அது அன்றாடம் நடக்கும் தரை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கோ அதே மணல் ஒரு சுவர். வீட்டு வாசலிலிருந்து தார் வீதி வரையுள்ள சில நூறு மீற்றர் தூரமே அவருடைய உலகத்தின் எல்லையாகிவிடும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் தஞ்சமடைந்ததும் இந்த மாவட்டத்தில்தான். மன்னார், முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்குக் கரையோரங்களிலும் இதே மணல்தான், இதே சிக்கல்தான்.

இதற்குத் தீர்வு புதிதல்ல. 1655இல் ஜேர்மனியின் நியூரம்பேர்க் அருகே, கால்கள் இயங்காத ஸ்டெஃபான் ஃபார்ப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளி தனக்காகவே ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார். கைப்பிடியைச் சுழற்ற, பற்சக்கரங்கள் முன்சக்கரத்தை உருட்டின. இன்றைய சைக்கிளின் மூதாதை எனப்படும் இருசக்கர வண்டியைக் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டியது 1817இல். அதாவது நடக்க முடியாதவருடைய வண்டி, நடக்க முடிந்தவர்களுடைய சைக்கிளுக்கு ஒன்றரை நூற்றாண்டு மூத்தது.

இந்தியாவில் கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அரச நிறுவனமான அலிம்கோ, கையால் இயக்கும் முச்சக்கர சைக்கிள்களைப் பெருந்தொகையாகத் தயாரிக்கிறது. பங்களாதேஷில் 1979இல் தொடங்கப்பட்ட பக்கவாத நோயாளர் புனர்வாழ்வு நிலையம், தன் பட்டறையிலேயே சக்கர நாற்காலிகளைச் செய்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு வகையில் இரண்டு நீண்ட நெம்புகோல்கள் உண்டு. அவற்றின் மேல்பகுதியைப் பிடித்துத் தள்ளினால் கரடுமுரடான நிலத்தில் ஏறும் வலு கிடைக்கும், கீழே பிடித்தால் வேகம் கிடைக்கும். நெம்புகோல்களைக் கழற்றிவிட்டால் அதுவே வீட்டுக்குள் பாவிக்கும் நாற்காலி. அதன் இயங்கும் பாகங்கள் சாதாரண சைக்கிள் பாகங்கள்.

எமது கரையோரத்துக்கு எது பொருந்தும் என்பதைப் பட்டறையில்தான் கண்டறிய வேண்டும். சில விடயங்கள் மட்டும் தெளிவானவை. முன்சக்கரத்தை மட்டும் இழுக்கும் வண்டி மணலில் வழுக்கும், ஏனெனில் இருப்பவரின் பாரம் பின்னால் விழுகிறது. பின்சக்கரத்தை உருட்டும் சங்கிலி, அகன்ற டயர், அதில் சற்றுக் குறைந்த காற்று, கைகளுக்கு ஏற்ற இலகுவான கியர் ஆகியவை வேண்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குப் படுக்கைப் புண் வராத இருக்கை உயிர் காக்கும் விடயம். வீட்டுக்குள் இந்த வண்டி உதவாது என்பதால் நாற்காலியும் தேவை. ஒன்றைக் கொடுத்து மற்றையதை மறுக்க முடியாது.

தடையாக இருப்பது தொழில்நுட்பமல்ல, வழங்கும் முறை. மேடை, பதாகை, புகைப்படம் என்று ஒரே அளவான நாற்காலிகள் வரிசையில் கையளிக்கப்படுகின்றன. யாருடைய வீடு மணலில், யாருடையது கிரவல் வீதியில் என்று எவரும் கேட்பதில்லை. குறைந்த வளமுள்ள நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டி, சக்கர நாற்காலி வழங்குவதை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. பயனாளியின் தேவையை மதிப்பிடுவது அவற்றுள் ஒன்று. பராமரிப்பும் திருத்தமும் இறுதிப் படி. எமது நாட்டில் பெரும்பாலும் கையளிப்புடன் கதை முடிகிறது. பேரிங் தேய்ந்தால், ரியூப் வெடித்தால் அந்த நாற்காலி வீட்டு மூலைக்குப் போகிறது.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் ஏதோவொரு இயலாமையுடன் வாழ்கின்றனர். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களது உரிமைகளைப் பாதுகாப்பதாகச் சொல்கிறது. 2016இல் இலங்கை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. 2017இல் மிதிவெடித் தடைச் சமவாயத்திலும் இணைந்தது. அந்தச் சமவாயம் வெடிகளை அகற்றுவதுடன் நிற்பதில்லை, பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதையும் எதிர்பார்க்கிறது. கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலத்தை ஏக்கரில் கணக்கிடுகிறோம். அந்த நிலத்தில் கால் இழந்தவர் இன்று எவ்வளவு தூரம் தனியாகப் போகிறார் என்பதை எவர் கணக்கிடுகிறார்?

செய்யக்கூடியவை பெரிய காரியங்களல்ல. பிரதேச செயலகங்கள் கையளிப்புக்கு முன் வீட்டையும் பாதையையும் பார்க்கலாம். கொள்வனவு செய்யும்போது, ஊர்ச் சைக்கிள் கடையில் கிடைக்கும் பாகங்களால் திருத்தக்கூடிய வண்டி என்பதை நிபந்தனையாக்கலாம். வெல்டிங் தெரிந்த இளைஞர்களும் பாதிக்கப்பட்டவர்களும் சேர்ந்து இயங்கும் பட்டறை மாவட்டத்துக்கு ஒன்றாவது அமைக்கலாம். புலம்பெயர் அமைப்புகளும் நாற்காலிகளின் எண்ணிக்கையை விட்டு, இரண்டு வருடங்களின் பின் எத்தனை ஓடுகின்றன என்று கேட்கலாம்.

தடைக் காலத்தில் ஒரு சைக்கிளை ஒட்டி ஒட்டி வருடக்கணக்காக ஓடவைத்த கைகள் எங்களுடையவை. அந்தத் திறமை இப்போது யாருக்குத் தேவையோ அவர்கள் இன்னும் வாசலில்தான் இருக்கிறார்கள்.