காவலுக்கு ஆள் உண்டு, கேட்பதற்கு?



அமெரிக்கா தன் எல்லையில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தால் நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாம்களில் ஓலைக் கொட்டில்களுக்குள் பிள்ளைகளைப் படிக்க வைத்த சமூகம் நாம். நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஓர் அதிகாரி கிடைப்பதன் அருமை நமக்குத் தெரியும். அதனால் இது நமக்கும் உரிய விடயம்தான்.

2024 பெப்ரவரியில் அமெரிக்க செனட் சபைக்கு ஓர் எல்லைச் சட்டமூலம் வந்தது. ஏறத்தாழ 20 பில்லியன் டொலர். காவல் ஆளணியோடு, அடைக்கலம் கோருவோரின் விண்ணப்பங்களை விசாரிக்க 4,300 பேருக்கு மேலும், 100 புதிய நீதிபதி குழுக்களும் அதில் கேட்கப்பட்டன. அது குறையற்ற சட்டமூலம் அல்ல. வருவோர் தொகை கூடினால் எல்லையை மூடும் அதிகாரமும் அதில் இருந்தது. 60 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 49 மட்டுமே கிடைத்து அது தோற்றது.

அடுத்த ஆண்டு ஜூலை 4ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்ட சட்டத்தில் மதிலுக்கு 46.5 பில்லியன், தடுப்பு முகாம்களுக்கு 45 பில்லியன். குடிவரவு நீதிபதிகளோ 2028 நவம்பர் முதல் 800 பேரைத் தாண்டக் கூடாதாம்! அந்த நீதிமன்றங்களில் தேங்கிக் கிடப்பது 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள். பிடிப்பதற்குப் பணம் உண்டு, விசாரிக்க ஆள் இல்லை. உண்மையான அகதியும் பொய் சொல்லி வந்தவனும் ஒரே வரிசையில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

இனி நம் கரைக்கு வருவோம். 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்காலில் ஒதுங்கியது. முதலில் உணவும் தண்ணீரும் கொடுத்தவர்கள் அங்குள்ள தமிழ்ச் சகோதரர்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் புரியட்டும். ஆனால் அடைக்கலம் தேடி வருபவரை விசாரித்து முடிவெடுக்க நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்திலும் இலங்கை கைச்சாத்திடவில்லை. நம் கையில் இருப்பது 1948ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம்.

எல்லையைக் காப்பது அரசின் கடமை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எல்லை பற்றி எந்தச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தாலும் நம் உறுப்பினர்களிடம் கேட்போம்: எத்தனை படகு, எத்தனை காவலர் என்பது சரி. வந்தவரின் கதையைக் கேட்க எத்தனை உத்தியோகத்தர்? எத்தனை மொழிபெயர்ப்பாளர்?

அன்று நமக்காகக் கேட்க யாராவது இருந்திருந்தால் என்று ஏங்கியவர்கள் நாம். இன்று கேட்காமல் இருக்கலாமா?